மருத்துவமனை வாயிலுக்கு முன்பே தொடங்கும் சிகிச்சை

நம் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள், கட்டிலருகே குறிப்பேட்டுடன் நிற்கும் சில இளைஞர்களையும் இளம்பெண்களையும் கண்டிருப்பீர்கள். அவர்கள் நாடி பார்ப்பார்கள்; இரத்த அழுத்தம் அளப்பார்கள்; மருத்துவர் கேட்ட கேள்வியையே சில வேளைகளில் மீண்டும் கேட்பார்கள். “இவர்கள் யார்? இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்களை எங்கள் நோயாளியிடம் ஏன் விடுகிறீர்கள்?” என்று உறவினர்கள் எங்களிடம் வினவுவதுண்டு. அது நியாயமான கேள்வி. அதற்கு விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இவர்கள்?

இவர்கள் அவசரகால மருத்துவ உதவியாளர் பணிக்குப் பயிற்சி பெறுபவர்கள். ஐதராபாத்தில் 2005ஆம் ஆண்டு உருவான 108 ஆம்புலன்ஸ் சேவை, தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பர். செவிலியர் படிப்பு, ஆய்வக நுட்புநர் பட்டயம், விலங்கியல், தாவரவியல் போன்ற உயிரியல் பட்டங்கள் ஆகியவற்றுள் ஒன்றை முடித்தவர்களே உதவியாளர்களாகத் தேர்வு செய்யப்படுகின்றனர். பின்னர் 50 நாள்கள் அளவிலான பயிற்சியில் வகுப்பறைப் பாடம், மருத்துவமனைப் பணி, ஆம்புலன்ஸ் பணி ஆகிய மூன்றும் அடங்கும். மருத்துவமனைப் பணிக் காலத்தில்தான் அவர்களை நீங்கள் இங்கே காண்கிறீர்கள்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். செங்கல்பட்டும் கிட்டத்தட்ட அதே தொலைவு. ஏரிக்கரையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு பெரிய மருத்துவமனையை அடையும் வரை, அவருக்குத் துணையாக வண்டிக்குள் இருப்பவர் அந்த உதவியாளர் ஒருவரே. வேண்டும்போது 108 மையத்தில் உள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். ஆனால் பார்க்கும் கண்ணும் தொடும் கையும் அவருடையவையே.

மருத்துவம் பலர் கூடிச் செய்யும் பணி என்பது நம் பகுதிக்குப் புதிய செய்தியன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இயங்கியதை அது தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளுக்கு மருந்தளித்துப் பேணும் பெண்கள் என ஒவ்வொருவரின் பணியும் அதில் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளது. இன்று அந்த வரிசையின் முதலிடத்தில் ஆம்புலன்ஸ் உதவியாளர் நிற்கிறார்.

“வண்டி ஏன் இன்னும் புறப்படவில்லை?”

நோயாளியை ஏற்றியவுடன் வண்டி பறக்க வேண்டும் என்றே உறவினர் அனைவரும் எண்ணுகின்றனர். ஆனால் உதவியாளர் ஓரிரு நிமிடங்கள் நோயாளியைச் சோதித்துக்கொண்டிருப்பார். அதனைத் தாமதம் என்று நினைத்துச் சினம் கொள்வோர் உண்டு.

அந்நிமிடங்களில் அவர் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறார். முதலில் மூச்சுப்பாதை: நாக்கு பின்னோக்கிச் சரிந்தோ, வாந்தியோ இரத்தமோ தேங்கியோ தொண்டை அடைபட்டுள்ளதா? இரண்டாவது மூச்சு: நெஞ்சு இருபுறமும் சமமாக உயர்கிறதா, உயிர்வாயு அளவு எவ்வளவு? மூன்றாவது இரத்த ஓட்டம்: நாடி எப்படியுள்ளது, எங்கேனும் இரத்தம் பெருகுகிறதா? நான்காவது உணர்வுநிலை: தானே விழித்திருக்கிறாரா, அழைத்தால் பதில் தருகிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்கும் அசைவில்லையா?

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மூச்சு அடைபட்டவர் சில நிமிடங்களில் உயிரிழப்பார். எலும்பு முறிந்தவர் ஒரு மணி நேரம் தாங்குவார். கண்ணுக்கு முதலில் தெரிவது முறிந்த காலாக இருக்கலாம். உயிரைப் பறிப்பது அடைபட்ட தொண்டையாக இருக்கலாம். எனவே கண்ணை ஈர்க்கும் காயத்தைவிட உயிருக்கு ஆபத்தானதை முதலில் தேடும் பழக்கத்தையே பயிற்சி முழுவதும் வளர்க்கிறோம்.

உணர்வு குன்றியவருக்கு விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்ப்பதும் இதில் சேரும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் பேச்சு குழறும். சிலருக்குக் கை கால் தளரும். பார்ப்பவர் அதனைப் பக்கவாதம் என்றோ, குடிபோதை என்றோ எண்ணிவிடக்கூடும். ஒரு நிமிடச் சோதனை அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

விடியற்காலை வயிற்றுவலி

வயலும் வைக்கோல் போரும் சூழ்ந்த நம் ஊர்களில் பாம்புக்கடி அன்றாட ஆபத்து. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கும் இந்தியாவில் பெரும்பாலான நச்சுக்கடி மரணங்களுக்குக் காரணம். இவற்றுள் பயிற்சியாளர்களுக்கு நாங்கள் மிகுந்த அழுத்தத்துடன் கற்பிப்பது கட்டுவிரியன் கடி. அது இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலியுடன் அவர் எழுவார். சிறிது நேரத்தில் இமைகள் தாழும், விழுங்க இயலாது, குரல் மாறும், பின்னர் மூச்சுத் தசைகள் தளரும். வீட்டார் அஜீரணம் என்று எண்ணிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கும் நேரமே உயிருக்கு ஆபத்தான நேரம். தரையில் உறங்கியவருக்குக் காலையில் வயிற்றுவலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே கருதி 108ஐ அழையுங்கள்.

கடித்த இடத்தைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவை தீங்கையே செய்யும். ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால் நீங்களாக அவிழ்க்க வேண்டாம். மருந்தும் மூச்சுக்கருவியும் ஆயத்தமாக உள்ள இடத்தில் மருத்துவரே அவிழ்ப்பார். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். பாம்பைத் தேடி அடிக்க வேண்டியதில்லை. நான்கு வகைக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் தரப்படுகிறது.

அம்மருந்துக்கான நஞ்சு நமக்கு அருகிலிருந்தே செல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்குகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது.

மூச்சைத் தாங்கும் கைகள்

கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைகளில் புகுந்துவிட்டால் நச்சுமுறி மருந்து கொடுத்தும் மூச்சுத் தசைகள் உடனே மீளாமல் போகலாம். ஆனால் அந்தச் செயலிழப்பு நிரந்தரமானதன்று. சில நாள்கள் செயற்கை மூச்சு கிடைத்தால் நோயாளி முழுமையாக எழுந்து வீடு திரும்பக்கூடும். ஆகவே வழியில் மூச்சு நின்றவருக்கு, முகமூடி இணைந்த காற்றுப்பையை அழுத்தும் உதவியாளரின் கைகளே மருந்து.

அது பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். பதற்றத்தில் வேகமாக அழுத்தினால் காற்று நுரையீரலுக்குச் செல்லாமல் வயிற்றை நிரப்பும். வாந்தி மூச்சுப்பாதைக்குள் புகும். ஐந்து அல்லது ஆறு நொடிக்கு ஒருமுறை, நெஞ்சு சற்றே உயரும் அளவுக்கு அழுத்த வேண்டும். குலுங்கும் வண்டியில், அழும் உறவினருக்கு நடுவே, அரை மணி நேரம் இந்த நிதானம் குலையாதிருக்க வேண்டும். பொம்மையின் மேல் செய்யும் பயிற்சியோடு, மூச்சுவிடும் மனிதரின் நெஞ்சு எப்படி உயர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தும் இதனைக் கற்க வேண்டும்.

நேரமே மருந்தாகும் நோய்கள்

நெஞ்சின் நடுவில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். முதியோருக்கும் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் வலியின்றி மூச்சுத் திணறலாகவோ களைப்பாகவோ அது வெளிப்படலாம். “வாயுப்பிடிப்பு” என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல்கட்ட மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தாழ்தல், பேச்சு குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஆகவே உதவியாளர் அருகிலுள்ள மருத்துவமனையைக் கடந்து ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குச் செல்ல முடிவெடுத்தால் அதனைத் தடுக்காதீர்கள். “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்று அவர் கேட்பது வெறும் விசாரணையன்று; ஊசி போடலாமா என்பதை அந்த விடையே தீர்மானிக்கிறது.

விபத்தும் நஞ்சும்

சாலை விபத்தில் பெருகும் இரத்தத்தைச் சுத்தமான துணியால் நேரடியாக அழுத்திப் பிடியுங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள், கை கால்களைப் பிடித்து ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். கழுத்துப்பட்டையும் பலகையும் வண்டியில் உள்ளன. உதவ வருபவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்கும் பிரிவு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பண உதவி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. செலவை எண்ணித் தயங்க வேண்டாம்.

பூச்சிமருந்து உட்கொண்டவருக்கு உப்புக் கரைசலோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் செல்லும். நனைந்த ஆடையைக் களைந்து உடலைத் தண்ணீரால் கழுவி, மருந்து டப்பாவை உடன் கொண்டுவாருங்கள். அவ்வேளையில் திட்டும் சொல்லோ குற்றஞ்சாட்டும் கேள்வியோ வேண்டாம் என்றே பயிற்சியாளர்களுக்கும் கற்பிக்கிறோம். உயிர் பிழைத்தவருக்கு அடுத்துத் தேவைப்படுவது ஆறுதலும் மனநல ஆலோசனையும். 104 என்ற எண்ணிலும் அவ்வாலோசனை கிடைக்கும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

அழைக்கும்போது ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள்; எதிர்முனையில் உள்ளவர் முடிக்கும் வரை தொலைபேசியை வைக்காதீர்கள். இரவு எனில் ஒருவர் விளக்குடன் தெருமுனையில் நிற்கட்டும். உண்ணும் மாத்திரைகளின் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றை ஒரே பையில் எப்போதும் வைத்திருங்கள். உணர்வு குன்றியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால், நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்துங்கள். வண்டி வரும் வரை ஒருவர் மாற்றி ஒருவர் தொடருங்கள்.

உங்கள் சம்மதம்

இனி முதற்கேள்விக்கு வருவோம். பயிற்சியாளர் எவரும் மேற்பார்வையின்றி உங்களுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. அவர் தம்மை இன்னார் என்று சொல்லி, உங்கள் அனுமதி பெற்ற பின்னரே தொட வேண்டும். “வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சையில் எள்ளளவும் குறையாது. வலியிலோ துயரிலோ இருக்கும்போது மறுப்பது இயல்பே.

எனினும் இயலும்போது அனுமதியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். தளர்ந்த நாடி விரலுக்கு எப்படித் தட்டுப்படும் என்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்காது, நோயாளிகளே கற்பிக்கிறார்கள். இன்று உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணும் இளைஞர், சில மாதங்களில் வந்தவாசிச் சாலையில் நள்ளிரவில் யாரோ ஒருவருக்கு அருகில் தனியே அமர்ந்திருப்பார். அவர் உங்கள் அண்டை வீட்டுக்காரராக இருக்கலாம். உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். நீங்கள் பொறுமையுடன் தரும் ஐந்து நிமிடங்கள் அன்று அவருக்கு உதவும்.