புட்டியில் அடைத்த சூரியன்

சூரியனைப் பிடித்துப் புட்டியில் அடைத்து, காலையில் பால் வருகிற மாதிரி உங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து வைக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "கொண்டு வா, அப்பா! தண்ணீர் கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்" என்பீர்கள். பால் விஷயத்தில் நம் சகோதரிகளை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் அல்ல.

ஆனால் 1951-ஆம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி இப்படி ஒருவர் சொல்லத்தான் சொன்னார். சொன்னவர் தெருவில் போகிறவர் அல்ல. தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜெண்டினா தேசத்தின் ஜனாதிபதி பெரோன். சூரியனில் நடக்கும் காரியத்தைத் தங்கள் நாட்டில் செய்து காட்டிவிட்டதாகப் பத்திரிகை நிருபர்களிடம் அறிவித்தார். இனிமேல் சக்தி என்பது பால் மாதிரி அரை லிட்டர் புட்டிகளில் விற்கப்படும் என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவியது. உலகம் வாயைப் பிளந்தது.

சூரியனில் அப்படி என்னதான் நடக்கிறது? அது விறகோ கரியோ போட்டு எரிகிற அடுப்பு அல்ல. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடு ஒன்று இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. இணையும்போது எடையில் கொஞ்சம் குறைகிறது. குறைந்த எடைதான் வெப்பமாகவும் வெளிச்சமாகவும் நம்மிடம் வந்து சேருகிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே கனமான யுரேனிய அணுவைப் பிளக்கிறார்கள். பிளப்பது சுலபம், சேர்த்து வைப்பதுதான் கஷ்டம். குடும்பத்திலேயே பார்க்கிறோமே!

இணைய வேண்டிய இரண்டு அணுக்கருக்களும் ஒரே ஜாதி மின்சாரம் உள்ளவை. ஆகையால் ஒன்றை ஒன்று விலக்கித் தள்ளும். தள்ளுவதையும் மீறி முட்டிக்கொள்ள வேண்டுமானால் அபாரமான வேகம் வேண்டும். வேகம் வேண்டுமானால் அபாரமான உஷ்ணம் வேண்டும். சூரியனின் நடுமையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி உஷ்ணம். அந்த ராட்சத அழுத்தம் பூமியில் நமக்குக் கிடையாது. அதனால் இங்கே 10 கோடி, 15 கோடி டிகிரி தேவைப்படுகிறது. எந்தப் பாத்திரம் இதைத் தாங்கும்? எதுவும் தாங்காது. காந்த சக்தியாலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பாத்திரம் செய்து, வாயுவை அதற்குள் சுவரில் படாமல் நிறுத்த வேண்டும். அது சாமானியத்தில் நிற்காது. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் பிதுங்கும்.

அர்ஜெண்டினாவில் இதைச் செய்துவிட்டதாகச் சொன்ன விஞ்ஞானி ரொனால்ட் ரிக்டர். ஏரி நடுவில் ஹுவேமுல் என்ற தீவு முழுவதையும் அவருக்குக் கொடுத்திருந்தார் பெரோன். பணம் தண்ணீராக ஓடியது. 1952-ல் சர்க்காருக்கே சந்தேகம் தட்டி, ஒரு நிபுணர் குழுவைத் தீவுக்கு அனுப்பியது. பல்செய்ரோ என்ற இளம் பௌதிக விஞ்ஞானி அந்தக் குழுவில் இருந்தார். ரிக்டர் தம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பெரிய சத்தம், பெரிய வெளிச்சம். குழுவினர் கொண்டுபோன கருவிகளோ அணு இணைந்ததற்கு அடையாளமாக ஒன்றையும் காட்டவில்லை. அதே வருஷம் கடையைக் கட்டியாயிற்று.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பெரோனின் அறிவிப்பைக் கேட்டவர்களில் லைமன் ஸ்பிட்ஸர் என்ற அமெரிக்க வான நூல் நிபுணரும் ஒருவர். அவர் அதை நம்பவில்லை. ஆனால் பனிச்சறுக்கு விளையாட ஆஸ்பென் மலைக்குப் போன இடத்தில், 'இது பொய் என்றால், மெய்யாக எப்படிச் செய்வது?' என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்ததும் பிரின்ஸ்டனில் ஓர் ஆராய்ச்சியே தொடங்கிவிட்டார். அமெரிக்காவின் புகழ் பெற்ற பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக் கூடத்தின் பிறப்பு இப்படி ஒரு பொய்ச் செய்தியின் வயிற்றில்!

மோசடிக்காரர்கள்தான் அவசரப்படுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1955-ல் ஜெனிவாவில் கூடிய அணு மகாநாட்டுக்குத் தலைமை வகித்த நம் ஹோமி பாபா, இருபது வருஷத்துக்குள் இந்தச் சக்தியை மனிதன் வசப்படுத்துவான் என்று ஜோசியம் சொன்னார். 1975-ம் வந்தது, போயிற்று.

1958 ஜனவரியில் பிரிட்டனின் முறை. ஹார்வெல் என்ற இடத்தில் 'ஜீட்டா' என்று ஓர் இயந்திரம். அதிலிருந்து நியூட்ரான்கள் வந்தன. அணு இணைவுக்கு நியூட்ரான் ஒரு சாட்சி. நிலையத்தின் தலைவர் ஜான் காக்ராஃப்ட், நோபல் பரிசு பெற்ற மேதை. நிருபர்கள் அவரை நெருக்கினார்கள். இவை அணு இணைவினால் வந்தவைதானா? 90 சதவிகிதம் நிச்சயம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் பத்திரிகைகளில் அந்த மீதி 10 சதவிகிதத்தைக் காணோம்! மே மாதத்தில், அந்த நியூட்ரான்கள் அசல் அல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வாயு முழுவதும் காய்ந்ததனால் அவை வரவில்லை. எங்கோ சில அணுக்கள் மட்டும் மின் விசையால் தூக்கி எறியப்பட்டு மோதியதால் வந்தன. அடிப்பிடித்த வாசனை வந்ததும் சோறு வெந்துவிட்டது என்று இலை போட்ட கதைதான்.

ஆனால் சூடு கண்டவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். உஷ்ணத்தைச் சந்தேகம் இல்லாமல் அளக்க ஒரு வித்தை கற்றுக்கொண்டார்கள். லேஸர் ஒளியை உள்ளே பாய்ச்சி, அது சிதறும் விதத்தைப் பார்த்து உஷ்ணத்தைக் கணக்கிடுவது. அதைப் பழகியதும் அதே ஜீட்டாவில்தான்.

1968-ல் ரஷ்ய விஞ்ஞானி ஆர்ட்ஸிமோவிச், 'டோகாமக்' என்ற தங்கள் இயந்திரத்தில் ஒரு கோடி டிகிரியை எட்டிவிட்டதாக அறிவித்தார். மேல்நாட்டார் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆர்ட்ஸிமோவிச் கோபித்துக்கொண்டாரா? இல்லை. "நீங்களே வந்து அளந்து பாருங்கள்" என்று பிரிட்டிஷ்காரர்களை அழைத்தார்! இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1969-ல் பிரிட்டிஷ் குழு ஒன்று டன் கணக்கில் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோவுக்குப் போய், மாதக் கணக்கில் தங்கி அளந்தது. ரஷ்யர்கள் சொன்னது மெய்! அடுத்த வருஷமே பிரின்ஸ்டன்காரர்கள், ஸ்பிட்ஸரின் முறையில் கட்டிய பெரிய இயந்திரத்தை டோகாமக்காக மாற்றிவிட்டார்கள். காந்திநகரில் 1989 முதல் ஓடிய நம் 'ஆதித்யா'வும் டோகாமக்தான்.

அந்த 1989-லேயே, மார்ச் 23-ந் தேதி, அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில் இருவர், கண்ணாடிப் பாத்திரத்தில் கனநீர் ஊற்றி, பல்லேடியம் கம்பியில் மின்சாரம் செலுத்தி, சாதாரண உஷ்ணத்திலேயே அணுவை இணைத்துவிட்டதாக நிருபர்களைக் கூட்டிச் சொன்னார்கள். மற்ற ஆராய்ச்சிக் கூடங்களில் அது பலிக்கவில்லை. பெரோன் சொன்னதும் மார்ச் 24. பங்குனி மாதத்தில் என்ன விசேஷமோ, தெரியவில்லை.

இனி, சமீபத்தில் நீங்கள் படித்திருக்கக்கூடிய செய்திக்கு வருவோம். 2022 டிசம்பர் 5-ந் தேதி, கலிபோர்னியாவில் உள்ள லிவர்மோர் ஆராய்ச்சிக் கூடத்தில் 192 லேஸர் கதிர்களை ஒரு மிளகு அளவு குளிகையின் பக்கம் திருப்பினார்கள். கொடுத்த ஒளி 2.05 மெகாஜூல், வந்த சக்தி 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் வந்தது! ஆராய்ச்சிக் கூடத்தில் இப்படி நடந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பொய் இல்லை, புரட்டு இல்லை.

ஆனால் வீட்டுக் கணக்கு எழுதுகிற கையால் இதைக் கொஞ்சம் எழுதிப் பாருங்கள். நம் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். ஆகவே வந்தது முக்காலே அரைக்கால் யூனிட். அந்த லேஸரை ஏற்றுவதற்கு மின்சாரக் கம்பியிலிருந்து இழுத்ததோ சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட்! லாபம் என்று சொன்னது குளிகையின் வாசலில் போட்ட கணக்கு. மீட்டரின் வாசலில் போட்ட கணக்கு அல்ல. வந்தது மின்சாரமும் அல்ல, வெறும் வெப்பம். அதை மின்சாரமாக மாற்றினால் பாதிக்கு மேல் கழிந்துவிடும். இருந்தாலும் 2025-ல் அதே கூடத்தில் ஏறக்குறைய அதே அளவு ஒளிக்கு 8.6 மெகாஜூல் வந்திருக்கிறது. 83 எங்கே, இரண்டரைக்குக் குறைவு எங்கே என்று கேட்கலாம். முக்காலே அரைக்கால் இரண்டேகாலைத் தாண்டியதையும் பார்க்க வேண்டும்.

எரிபொருள் கடல் தண்ணீரில் கொட்டிக் கிடக்கிறது என்பதும் பாதி நிஜம். டியூட்டீரியம் கடலில் உண்டு. கூடச் சேர்க்க வேண்டிய டிரிட்டியம் கிடையாது. லிதியத்திலிருந்து உண்டாக்க வேண்டும். ஊறுகாய் மாதிரி போட்டு வைக்கவும் முடியாது. 12 வருஷத்தில் பாதி தானாகவே அழிந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவில், ஹீலியான் என்ற அமெரிக்கக் கம்பெனி 2028-ல் இணைவு மின்சாரம் தருவதாக மைக்ரோஸாப்டுடன் 2023-ல் ஒப்பந்தமே செய்திருக்கிறது. கெட்டிக்கார முதலாளிகள் பணம் போட்டிருக்கிறார்கள். பெரோனும் கெட்டிக்காரர்தான்.

பிரான்ஸில் கடராஷ் என்ற ஊரில் பல தேசங்கள் சேர்ந்து 'ஈட்டர்' என்ற மகா டோகாமக்கைக் கட்டி வருகின்றன. 2005-ல் நாமும் சேர்ந்தோம். அதன் வெளிக்கூடு நம் காப்பி ஃபிளாஸ்க் மாதிரி. சுமார் 30 மீட்டர் உயரம். அந்த ஃபிளாஸ்க்கின் பாகங்களைச் செய்தது குஜராத்தில் ஹஜீராவில் உள்ள லார்சன் அண்டு டூப்ரோ தொழிற்சாலை. துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றி, அங்கே கொண்டுபோய்ப் பற்றவைத்தார்கள். 2016-ல் ஓடும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு 2025 என்றார்கள். 2024-ல் வெளியிட்ட புதிய திட்டப்படி ஆராய்ச்சி தொடங்குவது 2034-ல். டிரிட்டியம் சேர்த்து ஓட்டுவது 2039-ல். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கிற உங்கள் குழந்தை அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்போதும் ஈட்டரிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் வெளியே வராது. வெப்பத்தை மின்சாரமாக்கும் இயந்திரம் எதையும் அதில் வைக்கவில்லை. அந்த வேலை அதற்கு அடுத்து வரும் இயந்திரத்துக்கு என்கிறார்கள்.