முற்றத்திற்கு ஏற்ற செண்பகம்

மக்னோலியா என்னும் பூமரத்தைப் பற்றி மேனாட்டுத் தோட்ட நூல்களில் படித்து வியக்கும் நம்மவர் பலர், அவ்வினத்து மரமொன்று தம் ஊர்க் கோயில் நந்தவனத்திலேயே நிற்பதை அறியார். நமது செண்பகமே அது. பிரான்சு நாட்டுத் தாவரவியல் அறிஞர் பியேர் மக்னோல் (1638–1715) பெயரால் அமைந்த பேரினத்தில்தான் இன்றைய தாவர நூலார் செண்பகத்தையும் சேர்த்துள்ளனர்.

மலைக்காடுகளில் இம்மரம் நூறு அடிக்கு மேலும் உயரும். இரண்டு சென்ட் மனையில் இதை எங்ஙனம் வளர்ப்பது? எமது வட்டாரத்தில் ஒரு குடும்பத்தார் விதைக்கன்றைச் சுவரோரம் நட்டு, ஒன்பது ஆண்டுகள் குடம் குடமாய் நீர் வார்த்தனர். பூக்குமுன்னரே கிளைகள் மின்கம்பியைத் தொட்டமையால் மரத்தை வெட்ட நேர்ந்தது. "பேத்தி தலையில் ஒரு பூ வைத்துப் பார்க்கவில்லையே, ஐயா" என்று அவ்வீட்டு மூதாட்டி என்னிடம் வருந்தினார்.

விதைக்கன்று பூப்பதற்குப் பெரும்பாலும் எட்டு முதல் பத்து ஆண்டுகள் செல்லும். பூத்த மரத்தின் கிளையை ஒட்டிய கன்றோ இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூக்கத் தொடங்கும், வளர்ச்சியும் அடக்கமாயிருக்கும். எனவே மனை சிறிதாயின் ஒட்டுக்கன்றையே கேட்டு வாங்குக. விற்பவர் சொல்லை மட்டும் நம்பாது, தண்டில் ஒட்டிய வடு தெரிகிறதா என்று பார்த்தல் நலம்.

இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழியெடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புக. செண்பகத்தின் வேர் சதைப்பற்றுடையது, எளிதில் முறியும். ஆதலால் மண்கட்டி உடையாமல் நட வேண்டும். நட்டபின் இடம் மாற்றலாகாது. நீர் தேங்கினால் வேர் அழுகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை வெளிறும். வீடு கட்டிய காரைக் கழிவு கொட்டிய மூலையைத் தவிர்க்கவும்.

ஒட்டு வடு மண்மட்டத்திற்கு மேலேயே இருத்தல் வேண்டும். இதை நான் பட்டறிந்தேன். அலுவலக வளாகத்தில் முதலில் நட்ட கன்றில் வடுவைப் புதைத்துவிட்டேன். அடியிலிருந்து தளிர்கள் கிளம்பவே, செழிக்கிறதென்று மகிழ்ந்தேன். ஒட்டுப் பகுதி பட்டுப்போயிற்று. எஞ்சியது வெறும் விதைக்கன்றே! வடுவிற்குக் கீழே முளைப்பனவற்றை அவ்வப்போது கிள்ளிவிடுக.

கன்று நெஞ்சளவு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் படரும். ஆண்டுதோறும் பூ ஓய்ந்தபின் நீண்ட கிளைகளைக் கவாத்து செய்க. பெருங்கிளையை வெட்டினால் காயம் ஆற நாளாகும். ஆகையால் கிளை விரற்கனமாய் இருக்கும்போதே கத்தியை வைத்தல் வேண்டும்.

அம்மூதாட்டியின் வீட்டில், மின்கம்பிக்கு எதிர்ப்புறத்தில், சென்ற ஆடியில் ஒட்டுக்கன்றொன்றை நட்டுள்ளனர். இப்போது இடுப்பளவு நிற்கிறது.