கொல்லைப்புறத்தில் வெள்ளரி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் செழித்துப் படர்ந்த வெள்ளரிக் கொடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். காரணம் வினவினோம். “பத்து நாளாகப் பூத்துப் பூத்து உதிர்கிறது, ஐயா. பிஞ்சு ஒன்றுகூட இல்லை. மலட்டுக் கொடி” என்றார்.

அது மலட்டுக் கொடியன்று. வெள்ளரியில் பொதுவாக ஆண் பூக்களே முதலில் தோன்றும். அவை உதிர்வது இயல்பு. பின்னரே, அடியில் சிறு பிஞ்சுடன் பெண் பூக்கள் வரும். இதனை அறியாமையால் விதையும் உழைப்பும் வீணாயின. ஆதலின் சாகுபடி முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

தை, மாசி மாதங்களும் ஆனி, ஆடி மாதங்களும் விதைப்புக்கு ஏற்றவை. வெயில் நன்கு படும் இடத்தில், ஓரடி ஆழமும் ஓரடி அகலமுமாகக் குழியெடுத்து, மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி வேண்டும். ஓர் அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் நான்கு விதைகளை ஊன்றுக. வெள்ளரியின் வேர் அசைவைப் பொறாது. ஆகவே நேரே விதைப்பதே நன்று. முளைத்தபின் வலிய இரண்டை நிறுத்தி, மற்றவற்றைப் பிடுங்காமல் கிள்ளிவிடுக.

கொம்புகள் நட்டு, தறியில் எஞ்சும் கழிவு நூலை முறுக்கிக் கட்டினால் கொடி எளிதில் ஏறும். காயும் மண்ணில் படாது. சாயம் கலந்த கழிவு நீரை மட்டும் செடிக்கு ஊற்றலாகாது. மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் சேறாகாமல், ஈரம் சீராக இருத்தல் அவசியம். நீர் வாட்டம் கண்ட கொடியில் காய் கசக்கும். மிகக் கசந்த காயை உண்ணாது விடுக.

மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் தேனீக்களே. பூச்சி மருந்தைக் காலையில் தெளித்தால் அவை மடியும், காயும் குறையும். தேனீ வராத இடத்தில், காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவுக. கந்தகத் தூள் இக்கொடியைக் கருக்கும், அதனைத் தவிர்க்க.

விதைத்த நாற்பத்தைந்து நாள் அளவில் காய் பறிக்கலாம். நறுக்கி உண்பதற்கு, தோல் பசுமையாகவும் விதை முற்றாமலும் இருக்கையில் பறிப்பதே தக்கது. ஒரு காயைப் பழுக்க விட்டாலும் கொடியின் காய்ப்புத் தளரும். ஆதலின் இரண்டு நாளுக்கு ஒருமுறை தவறாது பறிக்க. விதைக்கு வேண்டுமாயின், பருவ இறுதியில் நாட்டு இனக் கொடியில் ஒரு காயை மஞ்சளாகப் பழுக்க விடுக. வீரிய ஒட்டு இனத்தில் எடுத்த விதை தாய்க்கொடியை ஒத்து வராது.

அன்று பிடுங்காமல் எஞ்சியிருந்தது ஒரே கொடி. அதனை விட்டுவைக்குமாறு வேண்டிக்கொண்டோம். மறுமாதம் சென்றபோது, பதிவேடுகளோடு ஒரு தட்டில் நறுக்கிய வெள்ளரியும் நம் முன் வந்தது. பிடுங்கிய கொடிகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.