ஊமையான கணிப்பொறியும் உள்ளிருக்கும் குரலும்

எழுத்தொலி பிறக்கும் வழியைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைக்கிறார். உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி ஒலியாகிறது என்பது அவர் காட்டும் நெறி. கணிப்பொறியில் ஒலி பிறப்பதற்கும் இத்தகைய வழி ஒன்றுண்டு. அவ்வழியில் ஓரிடம் அடைபட்டாலும் பொறி ஊமையாகிவிடும்.

நெய்வேலியில் இச்செய்திக்குத் தனிப் பயன் உண்டு. 1956இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் குடியிருப்பில் வாழ்வோர், பணி ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்தல் வேண்டும். அப்போது பழைய கணிப்பொறி காயலான் கடைக்குப் போகிறது. மறைந்த தாயின் தாலாட்டோ, கல்லூரி நாடகத்தின் பதிவோ அதனுள் இருக்கக்கூடும். “சத்தம் வரவில்லை” என்பதற்காக அதனைக் கழிப்பது முறையன்று.

பழுதை வெளியிலிருந்து உள்நோக்கித் தேடுதல் வேண்டும். முதலில் ஒலிபெருக்கியை நோக்குக. அதனை ஒரு டேப்ரிக்கார்டரிலோ கைப்பேசியிலோ இணைத்துப் பார்த்தால், அது நலமாக உள்ளதா என்பது விளங்கும். கணிப்பொறியின் பின்புறம் பச்சைத் துளையே ஒலி வெளிவரும் வாயில், இளஞ்சிவப்பு மைக்கிற்குரியது. வண்ணமற்ற பழைய அட்டைகளில் ஒலியளவைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையாகச் சோதிக்கலாம்.

அடுத்து, திரையின் கீழ்மூலையிலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை இருமுறை அழுத்துக. ‘வேவ்’, ‘சிடி ஆடியோ’ ஆகியவற்றின் கீழே ‘மியூட்’ குறியிருப்பின் நீக்குக. பிற ஒலிகள் கேட்டு, இசைக் குறுந்தட்டு மட்டும் பாடவில்லையெனில், குறுந்தட்டு இயக்கியிலிருந்து சவுண்டு கார்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி கழன்றிருக்கலாம்.

மூன்றாவது, டிரைவர் எனப்படும் இயக்குநிரல். விண்டோஸ் 98இல் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் சவுண்டு கார்டின்மீது மஞ்சள் வியப்புக்குறி தோன்றினால் பழுது அங்கே உள்ளது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டரும், 1992இல் வந்த அதன் 16 பிட் வடிவமும் பரவலாகப் புழங்கியவை. இத்தகைய அட்டைகள் பெரும்பாலும் ஐ.ஆர்.க்யூ. 5 என்னும் எண்ணைக் கொள்ளும். வேறோர் அட்டையும் அதே எண்ணைக் கேட்டால் மோதல் நேரும். ஒரே வட்டத்தில் இரு வீடுகளுக்கு ஒரே கதவெண் இருந்தால் அஞ்சல்காரர் திகைப்பதைப் போன்றது இது. ஒன்றன் எண்ணை மாற்றுவதே தீர்வு.

நான்காவது, தூசியும் தளர்ச்சியும். மின்னிணைப்பை முற்றிலும் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கியபின், அட்டையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, மீண்டும் அழுந்தப் பொருத்துக.

எல்லாக் கோப்புகளும் ஒலித்து, ஒன்று மட்டும் ஊமையாயின், பழுது அக்கோப்பிலோ அதன் வடிவத்திலோ உள்ளது. பழைய மென்பொருள் புதிய வடிவங்களை அறியாது.

இத்தனைக்கும் பொறி வாய்திறவாவிடில் என் செய்வது? இங்கேதான் ஒன்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். சவுண்டு கார்டு மிடறு மட்டுமே. குரல் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். மிடறு கெட்டதனால் குரல் அழிவதில்லை. ஆகவே, ‘பார்மேட்’ செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவலாம் என்பாரின் சொல்லைக் கேட்டு விரையாதீர். முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, உரிய யு.எஸ்.பி. இணைப்பியின் வழியே புதிய கணிப்பொறியில் பொருத்திக் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்க. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 600 மெகாபைட் இடம் கொள்ளும். இன்றைய விரலளவு பென்டிரைவில் அத்தகைய பதிவுகள் பல அடங்கும்.

படியெடுத்ததை இருவேறு இடங்களில் வைத்து, யார் குரல், எந்த ஆண்டு என எழுதியும் வைத்தல் நன்று. அதன்பின் பழைய பெட்டியைத் தயக்கமின்றிக் கொடுத்துவிடலாம்.