மனச்சிதைவு நோயாளிக்கும் பல் வலிக்கும்

"பல் விளக்கச் சொன்னால் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார முடியவில்லை. எல்லாம் சோம்பேறித்தனம்."

ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் வீடுகளில் இந்தப் பேச்சை நாம் கேட்டிருப்போம். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் மஹல்லாக்களிலும் இவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்டு.

சோம்பேறித்தனம் என்பது அநியாயமான சொல். காதில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் மட்டுமல்ல இந்நோய். ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதலையே அது பறித்துவிடுகிறது. குளிப்பதும் பல் துலக்குவதும் அதில்தான் நின்றுபோகின்றன.

மருந்துக்கும் இதில் பங்குண்டு. பல்லை அரிக்கும் அமிலத்தைக் கழுவி, பல்லைக் காப்பது நம் உமிழ்நீர். மனநோய் மாத்திரைகள் பலவும், கை நடுக்கத்துக்காகச் சேர்த்துத் தரப்படும் ட்ரைஹெக்ஸிபெனிடிலும் வாயை உலர்த்திவிடும். வாய் காய்ந்தவர் இனிப்பான டீ, கூல் டிரிங்க்ஸ், மிட்டாய் என்று தேடுவார், சொத்தை விழும். சிகரெட்டும் சேர்ந்தால் ஈறும் கெடும். க்ளோசபின் மாத்திரை இதற்கு நேர்மாறு: தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடியும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் பற்கள் முழுவதையும் இழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஸ்டீவ் கைஸ்லியின் குழு 2015இல் எழுதியது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பினால் இழப்பு பல்லோடு நிற்காது. வாய் உலர்வதை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ அவர் மாற்றக்கூடும்.

நம்மை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. "என் பல்லுக்குள் மிஷின் வைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், வீட்டாரும் சில நேரம் மருத்துவரும்கூட அதை நோயின் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே சீழ் கட்டிய பல் இருக்கலாம். வலி நிஜம், அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் நோயிலிருந்து வருவது. சாப்பாட்டை ஒரு பக்கமாக மெல்வது, கன்னத்தைப் பிடித்துக்கொள்வது, காரணமில்லாத கோபம் இவற்றைக் கண்டால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

ஏவுவதைவிட, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவருடன் நின்று நீங்களும் துலக்குவது பலன் தரும். தொழுபவராக இருந்தால் ஒளுவோடு மிஸ்வாக்கைச் சேர்த்துவிடலாம். பழகிய நேரம், பழகிய செயல். ஆனாலும் இரவில் ஃப்ளோரைடு பேஸ்ட் அவசியம். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். வாய் காய்ந்தால் ஒரு மிடறு தண்ணீர் போதும். சிலர் குடம் குடமாகக் குடிப்பார்கள், அது ஆபத்து, டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

பல் டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கூட்டமில்லாத நேரம் கேளுங்கள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் காட்டிவிட்டுத் திரும்பினாலே போதும். பல் பிடுங்குவதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். அவர் நம்பும் ஒருவர், உம்மாவோ காக்காவோ, பக்கத்தில் நிற்கட்டும்.