ரசிகரின் முகவரி யாரிடம் இருக்கிறது?

ஒரு பாட்டை லட்சம் பேர் கேட்டதாகச் செயலி காட்டினால் இசைக்கலைஞருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த லட்சம் பேரில் ஒருவரிடம்கூட, ‘அடுத்த மாதம் உங்கள் ஊரில் கச்சேரி’ என்று அவரால் நேரே சொல்ல முடியாது. ஸ்பாட்டிஃபையோ யூடியூபோ கேட்பவர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கலைஞருக்குத் தருவதில்லை. கூட்டத்தைச் சேர்த்தது பாட்டு. அதன் விலாசம் மட்டும் நிறுவனத்திடம். அந்த நிறுவனத்தின் கதவு ஒருநாள் சாத்தப்படலாம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் ஆள் சேர்த்திருந்த தமிழ்நாட்டுக் கலைஞர்கள் அந்தத் தொடர்பை ஒரேயடியாக இழந்தார்கள். எனவே ரசிகர் தானே மனமுவந்து தரும் மின்னஞ்சல் முகவரியைச் சேர்ப்பது, பாட்டைப் பதிவு செய்வதற்கு இணையான முக்கியமான வேலை.

இந்த யோசனை இணையத்துக்கு முந்தியது. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு 1971இல் வெளியிட்ட இசைத்தட்டின் உள்ளட்டையிலேயே, பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புமாறு ரசிகர்களைக் கேட்டது. அப்படிச் சேர்ந்தவர்களுக்குச் செய்திமடல் போனது. 1983 முதல் கச்சேரி டிக்கெட்டுகளையும் குழுவே தபாலில் விற்றது. பிரிட்டனின் மரில்லியன் குழு இதை மின்னஞ்சலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆல்பத்துக்கு முன்கூட்டியே பணம் தருவீர்களா என்று தன்னிடமிருந்த முகவரிகளுக்கு எழுதிக் கேட்டது. 12,000க்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். அந்தப் பணத்தில் உருவான ஆல்பம் 2001இல் வந்தது. ஒரு பாட்டுகூடப் பதிவாகாத நிலையில் பணம் கட்டும் நம்பிக்கை, நேரடித் தொடர்பு இருந்ததால்தான் பிறந்தது.

முகவரி சேரும் இடம் கலைஞரின் இணையதளத்தில் உள்ள பதிவுப் பக்கம். ‘எங்கள் செய்திகளைப் பெறப் பதிவு செய்யுங்கள்’ என்ற வரிக்கு யாரும் முகவரி தரமாட்டார்கள். கைமேல் ஏதாவது கிடைக்க வேண்டும். நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழு 2008இல் ‘தி ஸ்லிப்’ ஆல்பத்தை முழுவதும் இலவசமாகத் தந்தது. பதிலுக்குக் கேட்டது மின்னஞ்சல் முகவரியை. வளரும் பாடகருக்கு வெளிவராத ஒரு பாட்டோ, கச்சேரியின் நேரடிப் பதிவோ போதும். அந்தப் பக்கத்தில் ஒரு படம், என்ன கிடைக்கும் என்று சொல்லும் ஒரு வரி, முகவரி எழுத ஒரு கட்டம், ஒரு பொத்தான் இருந்தால் போதும். தொலைபேசி எண், பிறந்த தேதி என்று கட்டங்கள் கூடக்கூடப் பாதியில் விலகுவோரும் கூடுவார்கள். கூடுதலாக ஒன்று கேட்பதானால் ஊரைக் கேட்கலாம். மதுரையில் எத்தனை பேர், டொராண்டோவில் எத்தனை பேர் என்று தெரிந்தால், அரங்கம் பிடிக்கும் முன்பே கணக்குப் போடலாம்.

இந்தக் காலத்தில் மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மவர்கள் வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் அதிகம் இருக்கிறார்கள். அவற்றைக் கைவிடத் தேவையில்லை, புதியவர்கள் வருவது அங்கிருந்துதான். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் சொத்து. மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை; அனுப்பும் சேவை பிடிக்காவிட்டால் முகவரிகளை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு சேவைக்குப் போய்விடலாம். மேலும், விரலால் தள்ளிவிட்டுப் போகும் ஆயிரம் பேரைவிட, முகவரி எழுதித் தந்த நூறு பேர் டிக்கெட் வாங்க வாய்ப்பு அதிகம்.

இது தொந்தரவாகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. சம்மதமில்லாமல் அனுப்பினால் தொந்தரவுதான். விலைக்கு வாங்கிய முகவரிகளுக்கு அனுப்பும் கடிதம் ஸ்பேமில் விழும், பெயரும் கெடும். பதிவு செய்தவருக்கு உறுதிசெய்யும் இணைப்பை அனுப்பி, அவர் அதை அழுத்திய பிறகே சேர்ப்பது நல்ல வழக்கம். விலகும் வழி ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணில் பட வேண்டும். மொத்தமாக அனுப்புவோர் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாகூவும் 2024இல் விதியே கொண்டுவந்தன. விலகுபவரைத் தடுக்காத கலைஞரிடம்தான் மற்றவர்கள் நம்பிக்கையோடு தங்குவார்கள்.

நல்ல பாட்டுக்கு மாற்றாக எந்தப் பதிவுப் பக்கமும் வந்துவிடாது. ஆனால் நல்ல பாட்டைக் கேட்டு நெருங்கி வந்தவரை அடுத்த பாட்டுவரை தக்கவைக்கும் பொறுப்பை நிறுவனத்தின் அல்காரிதத்திடம் ஒப்படைப்பது கலைஞருக்கு நஷ்டம். அடுத்த பாட்டை வெளியிடும் நாளுக்குள் அந்த ஒற்றைக் கட்டம் தயாராக இருக்கட்டும்; பாட்டின் கீழே முதல் இணைப்பாக அதையே கொடுக்கட்டும்.