குடும்பத்தினர் போனில் இன்காக்னிடோ: நிறுத்துவது எப்படி, யாருக்காக?

"என் மகன் பயன்படுத்தும் போனில் ஹிஸ்டரி எதுவுமே இல்லை. ஏதோ ரகசியமாகப் பார்க்கிறான் போலிருக்கிறது. இதனை நிறுத்த முடியுமா?" அண்மைக் காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதே அளவிற்கு இன்னொரு கேள்வியும் வருகிறது. "அம்மா போனில் ஒவ்வொரு முறையும் மெயிலுக்குப் பாஸ்வேர்ட் கேட்கிறது. என்ன கோளாறு?" இரண்டிற்கும் காரணம் ஒன்றே. பிரவுசரின் தனிநிலைப் பயன்பாடு. இது என்ன, எப்படி நிறுத்தலாம், யாருடைய போனில் நிறுத்தலாம் என்று இங்கு பார்ப்போம்.

தனிநிலை என்பது என்ன?

நாம் இணைய தளங்களைப் பார்க்கையில், பிரவுசர் அந்தத் தளங்களின் முகவரிகளை ஹிஸ்டரியாகக் குறித்துக் கொள்கிறது. குக்கீஸ் எனப்படும் சிறிய பைல்களையும் போனில் பதிந்து வைக்கிறது. தனிநிலையில் இவை தற்காலிகமாக மட்டுமே இருக்கும். அந்த டேப்கள் அனைத்தையும் மூடியவுடன் நீக்கப்பட்டுவிடும்.

2005ல் ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி பிரவுசரில் இந்த வசதி தரப்பட்டது. 2008ல் வெளியான கூகுள் குரோம், இதற்கு இன்காக்னிடோ எனப் பெயர் வைத்தது. தொப்பியும் கண்ணாடியும் அணிந்த உருவம்தான் இதன் அடையாளம். மைக்ரோசாப்ட் எட்ஜ் இதனை இன்பிரைவேட் என்கிறது. சாம்சங் போன்களில் உள்ள பிரவுசரில் இது சீக்ரெட் மோட். பெயர்தான் வேறு, செயல் ஒன்றே.

எதை மறைக்காது?

இந்த நிலையில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உங்கள் போனில் மட்டுமே தடயம் நீங்குகிறது. இணைய இணைப்பு தரும் நிறுவனம், பள்ளி அல்லது அலுவலக நெட்வொர்க், நீங்கள் செல்லும் தளங்கள் ஆகியவை உங்கள் வருகையை அறிய முடியும். டவுன்லோட் செய்த பைல்களும், புக்மார்க் செய்த தளங்களும் போனிலேயே இருக்கும். இன்காக்னிடோவிலும் தகவல் திரட்டப்பட்டதாகக் கூகுள் மீது அமெரிக்காவில் 2020ல் வழக்குத் தொடரப்பட்டது. சேகரித்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிப்பதாக 2024ல் அந்நிறுவனம் உடன்பட்டது.

தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டால்

முதலில் அம்மாவின் போனைக் கவனிப்போம். குரோம் ஐகானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒரு சிறிய மெனு வரும். அதில் நியூ இன்காக்னிடோ டேப் என ஒரு பிரிவு இருக்கும். விரல் தவறி அதனை இழுத்துவிட்டால், ஹோம் ஸ்கிரீனில் தனி ஐகானாக அமர்ந்துவிடும். பின்னர் அதையே குரோம் என்று எண்ணி தினமும் தட்டுவார்கள். வயதானவர்களின் போன்களில் இதனை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தீர்வு எளிது. அந்த ஐகானை அழுத்திப் பிடித்து ரிமூவ் தேர்ந்தெடுக்கவும். அடுத்து குரோமைத் திறந்து, டேப்களின் எண்ணிக்கை காட்டும் சதுரத்தைத் தட்டவும். மேலே தொப்பி, கண்ணாடி உருவத்திற்குப் பக்கத்தில் வழக்கமான டேப்களுக்கான அடையாளம் இருக்கும். அதனைத் தட்டினால் வழக்கமான நிலைக்கு வந்துவிடலாம். இனி லாகின் செய்தது அப்படியே நிற்கும்.

ஐபோனில் நிறுத்த

சிறுவர்கள் பயன்படுத்தும் ஐபோனில் இதனை முழுமையாக நிறுத்தலாம். 2018ல் வெளியான ஐஓஎஸ் 12 முதல் இந்த வசதி ஸ்கிரீன் டைம் என்ற பிரிவில் உள்ளது.

1. செட்டிங்ஸ் சென்று ஸ்கிரீன் டைம் தேர்ந்தெடுத்து, அதனை இயக்கவும்.
2. ஸ்கிரீன் டைமிற்கு எனத் தனியாக ஒரு பாஸ்கோட் அமைக்கவும். போனைத் திறக்கும் எண்ணையே இதற்கும் தர வேண்டாம்.
3. கன்டென்ட் அன்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்பதைத் திறந்து ஆன் செய்திடவும்.
4. அதனுள் வெப் கன்டென்ட் என்ற பிரிவிற்குச் செல்லவும். பழைய பதிப்புகளில் இது கன்டென்ட் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்பதன் கீழும், புதியவற்றில் ஆப் ஸ்டோர், மீடியா, வெப் என்று தொடங்கும் தலைப்பின் கீழும் கிடைக்கும்.
5. லிமிட் அடல்ட் வெப்சைட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

இப்போது சபாரியைத் திறந்து பாருங்கள். பிரைவேட் என்ற பிரிவு கிடைக்காது. ஹிஸ்டரியை அழிக்கும் வசதியும் இயங்காது.

ஆண்ட்ராய்ட் போனில் நிறுத்த

குரோம் செட்டிங்ஸில் இன்காக்னிடோவை நிறுத்த பட்டன் எதுவும் இல்லை. தேடி அலைய வேண்டாம். அங்கு உள்ள இன்காக்னிடோ லாக், திறந்திருக்கும் டேப்களை விரல் ரேகை மூலம் பூட்டுவதற்கு மட்டுமே. அது நிறுத்தும் வசதி அல்ல.

சரியான வழி, கூகுள் 2017ல் அறிமுகப்படுத்திய பேமிலி லிங்க். பெற்றோர் தங்கள் போனில் இந்த அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, பிள்ளைக்கு எனத் தனி கூகுள் அக்கவுண்ட் தொடங்க வேண்டும். அந்த அக்கவுண்ட் மூலம் பிள்ளை குரோமைப் பயன்படுத்தினால், இன்காக்னிடோ தானாகவே கிடைக்காது.

இங்கு ஒன்றைக் கவனிக்கவும். பல வீடுகளில் பிள்ளையிடம் இருக்கும் போனில் அம்மா அல்லது அப்பாவின் அக்கவுண்ட்தான் இருக்கும். அப்படியிருந்தால் பேமிலி லிங்க் பயன் தராது. போட்டோக்களையும், போன் எண்களையும் பேக் அப் எடுத்துக் கொண்டு, பெரியவர்களின் அக்கவுண்ட்டை நீக்கிவிட்டு, பிள்ளையின் அக்கவுண்ட்டை மட்டும் அமைத்திட வேண்டும்.

அடுத்து, போனில் உள்ள மற்ற பிரவுசர்களைப் பாருங்கள். குரோமில் கதவை மூடிவிட்டு, வேறு பிரவுசரில் சீக்ரெட் மோடைத் திறந்து வைத்தால் என்ன பயன்? பேமிலி லிங்க் மூலம் அவற்றைத் தடுத்துவிடலாம். புதிய அப்ளிகேஷன் எதுவாயினும் உங்கள் அனுமதி பெற்ற பின்னரே இன்ஸ்டால் ஆகும்படியும் அமைக்கலாம்.

இன்காக்னிடோவை நிறுத்துவதாகக் கூறும் பிற நிறுவன அப்ளிகேஷன்கள் சில உள்ளன. இவற்றில் பல, திரையில் தெரிவதைப் படிக்கும் அனுமதியைக் கேட்கின்றன. அந்த அனுமதியைப் பெற்ற அப்ளிகேஷன், டைப் செய்வதையும் படிக்க முடியும். வங்கிக் கணக்கு பயன்படுத்தும் போனில் இவை வேண்டாம்.

வீட்டு வைபை மூலம்

ஹிஸ்டரியைவிட, பிள்ளைகள் ஆபாசத் தளங்களுக்குச் சென்றுவிடக் கூடாது என்பதே உங்கள் கவலை எனில், இன்னொரு வழி உண்டு. கிளவுட்பிளேர் நிறுவனம் 2020ல் குடும்பங்களுக்கு எனத் தொடங்கிய இலவச டிஎன்எஸ் சேவை, இத்தகைய தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் தடுக்கிறது. வீட்டு ரவுட்டரின் டிஎன்எஸ் கட்டங்களில் 1.1.1.3 மற்றும் 1.0.0.3 என அமைத்தால் போதும். பிரவுசர் எந்த நிலையில் இருந்தாலும் இந்தத் தடை செயல்படும். ஆனால் மொபைல் டேட்டாவிற்கு மாறினால் செயல்படாது.

யாருடைய போன்?

இனி முக்கியமான விஷயம். சென்ற ஆண்டு என் அக்கா போன் செய்து, "தம்பி, இவன் போன்ல எதையோ மறைக்கிறான்டா. நீ வந்து அதை எடுத்துவிடு" என்றார். பையனுக்கு 12 வயது. அவனுக்குத் தெரியாமல் செய்ய முடியாது என்று கூறிவிட்டு, இருவரையும் அருகில் வைத்துக் கொண்டே பேமிலி லிங்க் அமைத்தேன். நடுவே, "மாமா, நான் தேடுறதை அம்மா படிப்பாங்களா?" என்று கேட்டான். போனை வாங்கிப் பார்த்தால் தெரியும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகுதான் விஷயம் வந்தது. குரல் திடீரென உடைவது நோயா என்று தேடியிருக்கிறான். முன்பு ஒருமுறை அவன் தேடியதை அக்கா உறவினர்கள் முன் வாசித்துச் சிரித்ததால், அதன் பின் எல்லாவற்றையும் இன்காக்னிடோவில் தேடப் பழகியிருக்கிறான்.

அன்று தடையுடன் ஓர் ஒப்பந்தமும் போட்டோம். ஹிஸ்டரியில் எது இருந்தாலும் அக்கா அதனை மற்றவர் முன் பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால் தனியே கேட்க வேண்டும். அக்காவும் ஒத்துக் கொண்டார்.

உடல் மாற்றம், தேர்வு பயம், யாரோ தரும் தொல்லை எனப் பிள்ளைகள் மறைவாகத் தேடும் விஷயங்கள் பல. தேடவும் வழியில்லை, கேட்கவும் ஆளில்லை என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளிவிடக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டையும் பிள்ளையின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

பெரியவர்களின் போன் வேறு கதை. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் போனில் அவர்களுக்குத் தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம். தனிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017ல் தீர்ப்பளித்துள்ளது. அவர்கள் கேட்டால் உதவலாம், அவ்வளவே.

தனிநிலை தீயதும் அல்ல. நண்பரின் கம்ப்யூட்டரிலோ, பிரவுசிங் சென்டரிலோ மெயில் பார்க்கையில், நான் இன்றும் அதனையே பயன்படுத்துகிறேன்.

ஆகவே, பிள்ளையின் போனில் தடையை அமைக்கும் முன் அவனிடம் அல்லது அவளிடம் கூறிவிடுங்கள். அமைத்த பின் எல்லாப் பிரவுசர்களையும் ஒருமுறை திறந்து சோதியுங்கள். பாஸ்கோடைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். வயது ஏற ஏற, தடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திடுங்கள்.